படிக்கத் தெரியாதவனின் உரிமை

சென்ற மாதம் வீட்டுக்கு வந்திருந்த ஒரு கவிஞ நண்பர், மேஜைமேல் கிடந்த என் பழைய மடிக்கணினியைப் பார்த்துவிட்டு ஒரு கேள்வி கேட்டார். பதினோரு வருஷங்களாக நான் வீட்டில் டெபியன் என்கிற லினக்ஸ் இயங்குதளத்தைத்தான் உபயோகிக்கிறேன் என்பதும், யார் அகப்பட்டாலும் அதைப் பற்றி அரை மணி நேரம் பேசிவிடுவேன் என்பதும் அவருக்குத் தெரியும். "இதோட மூல நிரல் திறந்திருக்கு, யார் வேணும்னாலும் படிக்கலாம், திருத்தலாம்னு சொல்றீங்க. சரி. உங்களுக்கு அதில ஒரு வரி படிக்கத் தெரியுமா?" தெரியாது என்றேன். "அப்ப திறந்திருந்தா என்ன, பூட்டியிருந்தா என்ன?"

ஏதோ சொல்லிச் சமாளித்தேன். காப்பி வந்தது, பேச்சு வேறு பக்கம் போயிற்று. ஆனால் கேள்வி என்னோடு தங்கிவிட்டது. கம்ப்யூட்டர் சம்பந்தப்பட்ட சின்ன விஷயமாக இது எனக்குப் படவில்லை. தான் அனுபவிக்கவே முடியாத ஒரு சுதந்திரம் ஒருவனுக்கு எந்த அர்த்தத்தில் சுதந்திரம் என்பதுதான் கேள்வி. இதற்கு நேர்மையாகப் பதில் சொல்ல முடியாவிட்டால் என் பதினோரு வருஷப் பிடிவாதம் வெறும் பழக்கதோஷம், அல்லது அதைவிட மோசமான ஒன்று, அலங்காரம்.

நான் படித்தது பி.ஏ. ஆங்கில இலக்கியம். பிழைப்பு பாங்கில், கவுண்டரில். பகல் முழுவதும் என் முன்னால் இருக்கிற திரை எதை எப்படிச் செய்கிறது என்று எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள எனக்கு உரிமையும் கிடையாது. ஒரு பாங்கில் அப்படித்தான் இருக்க முடியும் என்று வைத்துக்கொள்ளலாம். சாயங்காலம் வீட்டுக்கு வந்து பன்னிரண்டு வயதான என் மடிக்கணினியைத் திறந்தால், கரிய திரையில் எழுத்துக்கள் ஓடுகின்றன. எந்தப் பகுதி எழுந்தது, எது எழ மறுத்தது, ஏன் மறுத்தது என்று வரிவரியாகச் சொல்லிவிட்டு அது வேலையைத் தொடங்குகிறது. அந்த வரிகளில் முக்கால்வாசி எனக்குப் புரிவதில்லை. இருந்தும் அவை ஓடுவதைப் பார்ப்பதில் எனக்கு ஒரு நிம்மதி இருக்கிறது. இந்த நிம்மதியைத்தான் நண்பர் கேள்விக்குள்ளாக்கினார்.

இதன் சரித்திரம் தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம். 1980ஐ ஒட்டிய காலத்தில் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் செயற்கை நுண்ணறிவு ஆய்வுக்கூடத்துக்கு ஒரு புதிய லேசர் அச்சு இயந்திரம் வந்தது. அங்கே வேலை பார்த்த ரிச்சர்ட் ஸ்டால்மன், அதற்கு முந்திய இயந்திரத்தில், காகிதம் சிக்கினால் காத்திருப்பவர்களுக்கெல்லாம் தகவல் போகும்படி நிரலைத் திருத்தி வைத்திருந்தார். புதியதற்கு மூல நிரல் தரப்படவில்லை. அந்த நிரல் தன்வசம் இருந்த, வேறொரு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஒருவரை நேரில் சந்தித்துக் கேட்டார். வெளியே தருவதில்லை என்று கையெழுத்திட்டிருக்கிறேன், தர முடியாது என்று அவர் மறுத்துவிட்டார். ஸ்டால்மனே பல தடவை சொல்லியிருக்கிற சம்பவம் இது. 1983 செப்டம்பரில் குனு திட்டத்தை அவர் அறிவித்தார். 1991இல் ஹெல்சிங்கியில் லினஸ் டோர்வால்ட்ஸ் என்ற மாணவர் எழுதத் தொடங்கிய லினக்ஸ் கருவோடு அது சேர்ந்தது. 1993இல் இயான் மர்டாக் இவற்றையெல்லாம் ஒழுங்காகத் தொகுத்துத் தரும் டெபியனைத் தொடங்கினார். 1997இல் டெபியன் தனக்கென ஒரு சமூக ஒப்பந்தம் எழுதிக்கொண்டது. பிரச்சினைகளை மறைக்க மாட்டோம் என்பது அதன் ஷரத்துக்களில் ஒன்று. அதன் பிழைப் பட்டியல் இன்றும் யார் வேண்டுமானாலும் பார்க்கும்படி திறந்து கிடக்கிறது.

ஸ்டால்மன் வகுத்த சுதந்திரங்கள் நான்கு. எந்தக் காரியத்துக்கும் இயக்கலாம், படித்துத் தனக்கேற்ப மாற்றலாம், பிரதி எடுத்து அடுத்தவருக்குத் தரலாம், மாற்றிய பிரதியையும் தரலாம். இந்த நான்கில் முதலாவதையும் மூன்றாவதையும் மட்டுமே நான் அனுபவித்திருக்கிறேன். படிப்பதும் திருத்துவதும் என்னால் ஆகாதவை. ஒரு ஞாயிற்றுக்கிழமை லினக்ஸ் கருவின் மூல நிரலில் ஒரு கோப்பைத் திறந்து உட்கார்ந்தேன். நடுநடுவே ஆங்கிலத்தில் எழுதியிருந்த குறிப்புகள் புரிந்தன, நிரல் புரியவில்லை. உரையைப் படித்து மூலத்தைத் தொடாமல் எழுந்துவிட்ட சில தமிழ் ஆசிரியர்களை நான் கேலி செய்ததுண்டு. அன்று அந்தக் கேலி எனக்கே திரும்பியது. கருவில் மட்டும் மூன்று கோடி வரிகளுக்கு மேல் இருக்கின்றன. டெபியன் தொகுத்துத் தரும் பொதிகளோ 60,000க்கு மேல். தெரிந்தவரே ஒரு ஆயுளில் படித்து முடிக்கிற விஷயமல்ல இது.

வழக்கமாகச் சொல்லப்படும் பதில், எனக்குப் பதிலாக வேறு யாராவது படிப்பார்கள் என்பது. ஊரில் ஒருவர் சட்டம் படித்திருந்தால் போதும், எல்லோரையும் ஏமாற்ற முடியாது என்கிற மாதிரி. இந்தப் பதிலோடு பல வருஷம் சௌகரியமாக இருந்திருக்கிறேன். ஆனால் நடந்ததைப் பார்த்தால் இது அவ்வளவு சௌகரியமான பதிலல்ல.

2006இல் டெபியனின் பராமரிப்பாளர் ஒருவர், ஓபன்எஸ்எஸ்எல் என்கிற பாதுகாப்பு நிரலில், சோதனைக் கருவி ஒன்று எச்சரித்ததை நம்பி இரண்டு வரிகளைச் செயலற்றதாக்கினார். நல்ல எண்ணத்தில் செய்த காரியம். அதன் பிறகு அந்த நிரல் உண்டாக்கிய ரகசியச் சாவிகள் எல்லையற்றவையாக இருக்க வேண்டியதற்குப் பதில், ஒரு வகைக்குச் சுமார் 32,000க்குள் அடங்கிவிட்டன. பொறுமையுள்ள திருடன் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்துவிடலாம். இது 2008 மே மாதம்தான் கண்டுபிடிக்கப்பட்டது. இரண்டு வருஷமாக அந்த வரிகள் உலகத்தின் முன் திறந்தே கிடந்தன. 2014இல் ஹார்ட்பிளீட் என்ற பெயரில் வெளிவந்த பிழையும் இதே ஓபன்எஸ்எஸ்எல்லில் இரண்டு வருஷம் யார் கண்ணிலும் படாமல் இருந்ததுதான். யாரும் படிக்கலாம் என்பதிலிருந்து யாரோ படித்தார்கள் என்பது பின்தொடர்வதில்லை. சிறுபத்திரிகை நடத்தியவர்களுக்கு இதைச் சொல்லி விளக்க வேண்டியதில்லை. முந்நூறு பிரதி போகிறது என்பதும் முந்நூறு பேர் படிக்கிறார்கள் என்பதும் ஒன்றல்ல.

2024இல் நடந்தது இன்னும் சிக்கலானது. எக்ஸ்இஸட் என்று ஒரு சிறிய நிரல், கோப்புகளைச் சுருக்குவது. உலகத்தின் சர்வர் இயந்திரங்களில் பெரும் பங்கு இதை ஏதோ ஒரு விதத்தில் நம்பியிருக்கிறது. இதை நெடுங்காலம் பராமரித்து வந்தவர் பின்லாந்தைச் சேர்ந்த லாஸ்ஸே காலின், ஏறக்குறையத் தனி ஆளாக. 2022இல் சிலர் அவரை நச்சரித்தார்கள். ஏன் இவ்வளவு தாமதம், முடியாவிட்டால் வேறு யாரிடமாவது ஒப்படைக்க வேண்டியதுதானே என்று. இது சம்பளமில்லாமல் ஓய்வு நேரத்தில் செய்கிற வேலை என்பதை அவர் நினைவுபடுத்த வேண்டியிருந்தது. ஜியா டான் என்ற பெயரில் ஒருவர் பொறுமையாக, மரியாதையாக உதவ வந்தார். இரண்டு வருஷங்களுக்கு மேல் நல்ல வேலை செய்து நம்பிக்கை சம்பாதித்து, வெளியீட்டுப் பொறுப்பும் பெற்று, 2024இன் தொடக்கத்தில் வெளியான 5.6.0, 5.6.1 பதிப்புகளில் ஒரு கள்ளக் கதவைப் பதித்தார். அந்தப் பெயருக்குப் பின்னால் இருந்தது யார் என்று இன்றுவரை வெளிப்படவில்லை. நச்சரித்த பெயர்களும் அதே ஏற்பாட்டைச் சேர்ந்தவை என்று பலர் கருதுகிறார்கள்.

இதில் விமர்சகன் கவனிக்க வேண்டிய ஒரு நுட்பம் உண்டு. எல்லோரும் படிக்கும் பொதுக் களஞ்சியத்தில் அந்தச் சதி முழுதாக இல்லை. ஒரு பகுதி, படிக்க முடியாத சோதனைக் கோப்புகளுக்குள் ஒளிந்திருந்தது. அதை எழுப்பும் வரிகள் வெளியீட்டுக்கென்று கட்டிய பொதியில் மட்டும் இருந்தன. கைப்பிரதி ஒன்று, அச்சான பிரதி வேறொன்று. பதிப்பு வேலை தெரிந்தவர்களுக்கு இது பழைய கதை.

கண்டுபிடித்தவர் ஆண்ட்ரஸ் பிராயிண்ட் என்ற நிரலாளர். வேடிக்கை என்னவென்றால் அவர் சம்பளம் வாங்குவது மைக்ரோசாப்டில். டெபியனின் நிலைப்படாத பதிப்பில் வேறு ஏதோ சோதனை செய்துகொண்டிருந்தபோது, தொலைவிலிருந்து இயந்திரத்துக்குள் நுழைவதற்கு வழக்கத்தைவிட அரை வினாடி அதிகம் பிடிக்கிறது என்று கவனித்தார். ஏன் என்று தேடிக்கொண்டே போய், 2024 மார்ச் 29 அன்று உலகத்துக்குச் சொன்னார். டெபியனின் நிலையான பதிப்பை அது எட்டுவதற்குள் தடுக்கப்பட்டது.

இந்தச் சம்பவத்தைத் திறந்த மூலத்தின் வெற்றி என்று சிலரும் தோல்வி என்று சிலரும் எழுதினார்கள். எனக்கு அந்த அரை வினாடிதான் முக்கியமாகப் படுகிறது. நானாக இருந்தால் என்ன செய்திருப்பேன்? "ஸிஸ்டம் ஸ்லோவா இருக்கு" என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போயிருப்பேன். இதை அடக்கத்துக்காகச் சொல்லவில்லை. அப்படிச் செய்தவன் நான் என்பதற்கு என்னிடமே சாட்சியம் இருக்கிறது.

இரண்டு வருஷத்துக்கு முன் ஒரு நவம்பர் மாதம். பென்ஷன்காரர்கள் உயிரோடு இருப்பதற்கான சான்று கொடுக்க வேண்டிய மாதம் அது. கவுண்டர் முன்னால் கூட்டம். குடும்பப் பென்ஷன் வாங்குகிற ஒரு அம்மாள், எழுபத்தைந்து வயது இருக்கும், பஸ் பிடித்து வந்திருந்தார். விரலைக் கருவியில் வைத்தார், ரேகை விழவில்லை. துடைத்துவிட்டு மறுபடி வைக்கச் சொன்னேன். பத்து விரலும் ஆயிற்று. வயல் வேலையும் பாத்திரம் துலக்கியும் தேய்ந்த விரல்கள். "ஸிஸ்டம் எடுக்கலம்மா, ரெண்டு நாள் கழிச்சு வாங்க" என்றேன். அவர் போகவில்லை. "யாரைப் பாக்கணும் தம்பி?" என்று கேட்டார். நான் மறுபடியும் ஸிஸ்டம் என்றேன். அவர் என் பின்னால் இருந்த அறையை, அதில் ஸிஸ்டம் என்று ஒரு அதிகாரி இருப்பதுபோல, எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

காகிதத்தில் பாரம் எழுதி வாங்கி, ஆளை நேரில் பார்த்தோம் என்று கையெழுத்திட்டுப் பதிந்துகொள்ள வழி இருந்தது. அது எனக்குத் தெரியும். பீரோவைத் திறந்து பாரத்தைத் தேட வேண்டும், மேனேஜரிடம் போய் நிற்க வேண்டும், பின்னால் முப்பது பேர் முணுமுணுப்பார்கள். அவ்வளவுதான் தடை. மூன்று நாள் கழித்து அவர் மறுபடி பஸ்ஸில் வந்தபோது அந்தப் பாரத்தில்தான் முடித்துக் கொடுத்தேன். பத்து நிமிஷ வேலை. அவர் எனக்கு நன்றி சொன்னார். அன்று ராத்திரி மடிக்கணினியைத் திறந்தபோது அந்த வரிகள் ஓடுவதை என்னால் பழைய நிம்மதியோடு பார்க்க முடியவில்லை. எது மறுத்தது, ஏன் மறுத்தது என்று ஒரு இயந்திரம் எனக்குச் சொல்கிறது. நான் ஒரு கிழவிக்கு அதைச் சொல்லவில்லை. திறந்த கருவியை உபயோகிப்பவன் தானும் திறந்தவனாக ஆகிவிடுவான் என்று என்னையறியாமல் நம்பிக்கொண்டிருந்தேன் போலும். கதர் கட்டியவர்களெல்லாம் நேர்மையானவர்கள் என்று நம்பிய தலைமுறையைப் பற்றி நாம் என்னென்னவோ எழுதியிருக்கிறோம்.

அந்த அச்சு இயந்திரக் கதையில், மறுத்தவர்மேல் எனக்கு எப்போதும் ஒரு அனுதாபம் உண்டு. குமாஸ்தாவின் அனுதாபம். கையெழுத்திட்டிருக்கிறேன், தர முடியாது என்பது அவர் கட்டிய பொய்யல்ல. அவரால் முடியாதபடி உண்மையிலேயே ஒரு கதவு சாத்தப்பட்டிருந்தது. என் விஷயம் அப்படியல்ல. கதவு திறந்திருந்தது. பூட்டியிருக்கிறது என்று நான் சொன்னேன்.

இங்கிருந்துதான் நண்பரின் கேள்விக்கு எனக்கு ஒரு பதில் கிடைக்கிறது. மூடிய ஒன்றைப் பற்றி எனக்குத் தெரியாது என்றால் அது என் நிலைமை, என் குற்றமல்ல. திறந்திருக்கிற ஒன்றைப் பற்றித் தெரியாது என்றால், நான் பார்க்கவில்லை, அல்லது பார்க்கத் தெரிந்தவரைக் கேட்கவில்லை என்றாகிறது. பிழைகளிலிருந்து காப்பாற்றும் என்பதால் திறப்புக்கு மதிப்பு என்று நான் இனிச் சொல்ல மாட்டேன். 2008ம் 2014ம் 2024ம் அதற்கு எதிரான சாட்சிகள். 'யாராலும் முடியாது' என்கிற வாக்கியத்தை அது என்னிடமிருந்து பறித்துக்கொள்கிறது என்பதுதான் மதிப்பு. மூடிய அமைப்பு நம்மைப் பொறுப்பிலிருந்து விடுவிக்கிறது, அதனால்தான் அது இவ்வளவு சௌகரியமாக இருக்கிறது. திறந்த அமைப்பு பொறுப்பைத் திருப்பிக் கொடுக்கிறது. படிக்கத் தெரியாதவனுக்கும் அதில் ஒரு பங்கு வருகிறது. உரிமை என்று நான் நினைத்துக்கொண்டிருந்தது பாதிக்கு மேல் கடன்.

அந்தக் கடனை நான் எப்படி அடைத்தேன் என்று பார்த்தால் கணக்கு நன்றாக இல்லை. பதினோரு வருஷத்தில் ஒரு பராமரிப்பாளருக்கும் நன்றி என்று ஒரு வரி எழுதியதில்லை. லாஸ்ஸே காலின் என்ற பெயரை அவர் ஏமாற்றப்பட்ட பிறகுதான் கேள்விப்பட்டேன். அவர் உழைப்பு என் இயந்திரத்தில் தினமும் ஓடிக்கொண்டிருந்தது, தெருக்குழாய்த் தண்ணீர் மாதிரி.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. என் மனைவி பள்ளி ஆசிரியை. ஒரு தடவை வினாத்தாள் கோப்பு ஒன்று, யூனிகோடு அல்லாத பழைய தமிழ் எழுத்துருவில் வந்தது. என் இயந்திரத்தில் அது வெறும் லத்தீன் குப்பையாகத் தெரிந்தது. மூடிய எழுத்துருக்களில் தமிழை அடைத்துவைத்த ஒரு காலத்தின் கேடு இது என்று நான் பிரசங்கம் செய்தேன். சரியான பிரசங்கம்தான். "உங்க கொள்கைக்கு நான் ஏன் ராத்திரி பன்னண்டு மணி வரைக்கும் முழிச்சிருக்கணும்?" என்று அவள் கேட்டாள். மறுநாள் ஜெராக்ஸ் கடையில் போய் முடித்துக்கொண்டாள். கொள்கை என்னுடையது, விலை கொடுத்தது அவள். நான் பிடிவாதம் பிடிக்கும்போது யார் பையிலிருந்து காசு போகிறது என்று பார்க்க அதன் பிறகு கற்றுக்கொண்டிருக்கிறேன், முழுக்க அல்ல.

டெபியனும் இதைக் கற்றுக்கொண்டது. வைபை போன்ற வன்பொருள்களை எழுப்புவதற்கு அவற்றின் உற்பத்தியாளர்கள் தருகிற சிறு நிரல்கள் பல மூடியவை. அதிகாரபூர்வ நிறுவல் வட்டில் அவற்றுக்கு நெடுங்காலம் இடமில்லை. என் மடிக்கணினியின் வைபை அதனால் வேலை செய்யவில்லை. ஏழு மாதம் கூடத்திலிருந்து கேபிள் இழுத்து வைத்திருந்தேன், என் அப்பா இரண்டு தடவை தடுக்கி விழப் பார்த்தார். 2022 அக்டோபரில் டெபியன் உறுப்பினர்கள் வாக்கெடுத்து, சமூக ஒப்பந்தத்தையே திருத்தி, அந்த நிரல்களைச் சேர்க்க முடிவு செய்தார்கள். 2023 ஜூனில் வந்த 12ஆம் பதிப்பிலிருந்து அப்படித்தான். முடிவைப் படித்தபோது எனக்கு ஆறுதலும் கொஞ்சம் ஏமாற்றமும் சேர்ந்து வந்தன. இப்போது யோசித்தால் அது சரியான சமரசம் என்றே தோன்றுகிறது. காரணம், அவர்கள் அதை ஒளித்துச் செய்யவில்லை. விவாதித்து, வாக்களித்து, எது மூடியது என்று பெயர் சொல்லித் தனியாகவே வைத்தார்கள். சமரசத்தைச் சமரசம் என்று எழுதி வைப்பது நம் இலக்கிய ஸ்தாபனங்களில் நான் பார்க்காத பழக்கம்.

ஒரே ஒரு தடவை கடனில் ஒரு பைசா அடைத்தேன் என்று சொல்லலாம். நான் உபயோகிக்கிற ஒரு நிரல் 'கொ' என்ற எழுத்தின் கொம்பைத் தப்பான இடத்தில் போட்டது. அலுத்துக்கொண்டே ஆறு மாதம் இருந்துவிட்டு, ஒரு நாள் பிழை அறிக்கை எழுதினேன். பதில் வந்தது, யாரோ முகம் தெரியாதவரிடமிருந்து. இந்த எழுத்தை எனக்குப் படிக்கத் தெரியாது, எது சரி எது தப்பு என்று படம் போட்டுக் காட்ட முடியுமா என்று கேட்டிருந்தார். காகிதத்தில் இரண்டையும் எழுதி, சரியானதை வட்டமிட்டு, படம் எடுத்து அனுப்பினேன். இரண்டு மாதத்தில் சரியாயிற்று. அவருக்கு என் எழுத்து படிக்கத் தெரியாது. எனக்கு அவர் எழுத்து படிக்கத் தெரியாது. கதவு திறந்திருந்ததால் இது நடந்தது, ஆனால் கதவு தானாக எதையும் செய்யவில்லை. நான் ஆறு மாதம் அலுத்துக்கொண்டு இருந்தபோதும் அது திறந்துதான் இருந்தது.

நண்பருக்கு இதை எழுதிக் காட்டினால் திருப்திப்படுவாரா தெரியாது. உங்கள் கிழவிக்குப் பாரம் எடுத்துக் கொடுக்க டெபியன் எதற்கு என்று கேட்பார். தேவையில்லைதான். ஆனால் அந்தப் பொய்யை எனக்குப் பொய் என்று காட்டியது, சாயங்காலம் ஓடுகிற அந்தப் புரியாத வரிகள். அதற்கு மேல் எதையும் அவற்றின் சார்பில் நான் கோரவில்லை.

போன வருஷம் நவம்பருக்கு முன்பே பாரங்களை பீரோவிலிருந்து எடுத்து என் கவுண்டர் டிராயரில் வைத்துக்கொண்டேன். அந்த அம்மாள் வந்தார். விரல் வைத்துப் பார்க்காமலே எழுதி வாங்கிக்கொண்டேன். ஆனால் அதே வாரம், வேறு இரண்டு பேரிடம், வேறு விஷயங்களுக்கு, ஸிஸ்டம் எடுக்கவில்லை என்று சொன்னேன். அதில் ஒன்று உண்மை.